சூரியனை நடுவில் வைத்தவர்

சூரியன் உதித்தது, மறைந்தது என்றுதான் நாம் இன்றும் சொல்லுகிறோம். சுற்றுவது பூமிதான் என்று சிறு வகுப்பிலேயே படித்துவிட்ட நமக்கும் கண் அப்படித்தான் காட்டுகிறது. சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், கண் காட்டியதை நம்பாமல் கணக்குக் காட்டியதை நம்பியவர் நிக்கோலஸ் கோப்பர்நிக்கஸ்.

அவர் 1473-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் போலந்திலுள்ள தோருன் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதளவில் தந்தையை இழந்தார். பின்னாளில் வார்மியா மறைமாவட்டத்தின் ஆயரான தாய்மாமன் லூக்காஸ்தான் மருமகனைக் கிராக்கோவிலும் இத்தாலியிலும் படிக்க வைத்தார். திருச்சபைச் சட்டமும் மருத்துவமும் வானநூலும் கற்றுத் திரும்பிய அவர், பிராம்பார்க் பேராலயத்தில் கானன் என்னும் பதவி வகித்தார். நிலக் கணக்குப் பார்த்தார், நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். இரவில் வானத்தைப் பார்த்தார். தொலைநோக்கி அப்போது கிடையாது.

பூமி அசையாமல் நடுவில் நிற்கிறது என்பது தாலமியின் பழைய முறை. ஆனால் செவ்வாய்க் கிரகம் முன்னே சென்றுகொண்டிருந்து, இடையில் சில வாரங்கள் பின்னோக்கி நடப்பது போலத் தோன்றும். இதற்குச் சமாதானம் சொல்ல வட்டத்தின்மேல் வட்டமாகப் போட்டுப் பார்த்தார்கள். கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தார். பஸ்ஸில் செல்லும் நாம் சைக்கிள்காரரை முந்தும்போது அவர் பின்னால் போவது போலத் தோன்றுகிறதல்லவா? வேகமாகச் சுற்றும் பூமி செவ்வாயை முந்துகிறது, அவ்வளவுதான்! ஆனாலும் பாதைகள் வட்டமே என்று எண்ணியதால், அவராலும் சிறு வட்டங்களை முழுவதும் விட முடியவில்லை. அவை நீள்வட்டங்கள் என்று 1609-இல் கெப்ளர்தான் காட்டினார்.

நமக்கு அதிக வியப்பளிப்பது, இத்தனை பெரிய உண்மையை அவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அச்சிடாமல் வைத்திருந்ததுதான். தண்டனைக்குப் பயந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். தம் நூலில் அவர் சொல்லும் அச்சமோ, பிறர் ஏளனம் செய்வார்கள் என்பதே. ஆயரான நண்பர் கீஸ் வற்புறுத்தினார். கர்தினால் ஷோன்பர்க் 1536-இல் ரோமிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டார். கடைசியில் 1539-இல் ரெட்டிக்கஸ் என்ற இளம் பேராசிரியர் ஜெர்மனியிலிருந்து தேடி வந்தார். அவர் லூத்தரன் சபையினர். மதப் பூசல் மிகுந்த காலம் அது. ஆயினும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உடனிருந்து, நூல் அச்சேற வழி செய்தார்.

1543-இல் நூரம்பர்க் நகரில் வெளியான அந்நூல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் அச்சு வேலையைக் கவனித்த ஒசியாண்டர், இது வெறும் கணக்கு வசதிக்கே, உண்மை என்று கொள்ள வேண்டியதில்லை என்று தம் பெயர் போடாமல் ஒரு முன்னுரை சேர்த்துவிட்டார். பலர் அதைக் கோப்பர்நிக்கஸே எழுதியதாக எண்ணினார்கள். மறுக்க அவர் இல்லை. அவ்வாண்டு மே 24-இல் இறந்துவிட்டார்.

1616-இல் நம் திருச்சபை, திருத்தப்படும் வரை அந்நூலை நிறுத்தி வைத்தது. தடை நூல் பட்டியலிலிருந்து அது நீங்கியது 1835-இல்தான். அவருடைய கல்லறை எதுவென்றும் பல நூற்றாண்டுகள் தெரியவில்லை. 2005-இல் பிராம்பார்க் பேராலயத்தில் கிடைத்த எலும்புகள், அவர் பயன்படுத்திய ஒரு புத்தகத்தில் இருந்த தலைமுடியோடு ஒப்பிடப்பட்டன. 2010 மே 22-இல் அதே பேராலயத்தில் மீண்டும் நல்லடக்கம் செய்தார்கள். கல்லறையின் கருங்கல்லில் பொன்னிறச் சூரியன் நடுவில் இருக்கிறது. ஆறு கிரகங்கள் அதைச் சுற்றுகின்றன.