கரும்புத் தோட்டம் முதல் அமைதிப் பள்ளத்தாக்கு வரை

கோவை என்றதும் நூற்பாலைகளும் சிறுவாணித் தண்ணீரும் பிறருக்கு நினைவு வரலாம். தாவரவியல் பயிலும் நமக்கோ கரும்பு இனவிருத்தி நிலையமும், உலர்தாவரத் தாள்கள் அடுக்கடுக்காய்க் காக்கப்படும் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்வட்டமும் நினைவு வரவேண்டும். இவ்விரண்டோடும் தொடர்புடையவர் முனைவர் ஜானகி அம்மாள்.

தலைச்சேரியில் 1897 நவம்பர் 4ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நீதித்துறையில் பணியாற்றியவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்கா சென்று, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார். பெண்களைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கிய காலம் அது! உடன்பிறந்த பெண்கள் மணம் முடித்துச் செல்ல, இவர் மட்டும் நுண்ணோக்கியோடு வாழத் துணிந்தார்.

1934இல் கோவைக் கரும்பு நிலையத்தில் சேர்ந்தார். அதற்கு முன்பே, 1918இல், பார்பரும் வெங்கட்டராமனும் தோட்டக் கரும்பை ஆற்றோர நாணலோடு கலந்து கோ 205 என்னும் கலப்பினத்தை அளித்திருந்தனர். தோட்டக் கரும்பு இனிப்பைத் தந்தது. வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமையை நாணல் தந்தது. வாய்க்காலோரத்தில் யாரும் ஏறிட்டுப் பாராத புல் அது! அந்த நாணலின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தவர்களுள் ஜானகி அம்மாளும் ஒருவர். ஒரே இனமாயினும் இடத்துக்கு இடம் அதன் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுகிறது. ஓரிடத்து நாணல் அழிந்தால், வேறிடத்து நாணல் அதற்கு ஈடாகாது. கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும்கூட அவர் கலந்து பார்த்தார். தனித்து வாழும் பெண் என்பதாலும், பிற்பட்ட வகுப்பினர் என்பதாலும் உடன் பணிபுரிந்தோரால் இடர்ப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர்.

பின்னர் இங்கிலாந்து. போர்க்காலம் முழுவதும் அங்கே பணியாற்றி, டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945இல் வெளியிட்டார். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் நாடு திரும்பி, தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். அதன் தென்வட்டம் 1955இல் கோவையில் அமைந்தது. அதே ஆண்டு, மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றினான் என்று ஆராய்ந்த பிரின்ஸ்டன் கருத்தரங்கில் கலந்துகொண்ட ஒரே பெண் அவரே.

இனிச் சொல்லப் போவதே என் மனத்தைத் தொட்டது. அட்டப்பாடிக்கு அப்பால், குந்திப்புழை ஓடும் அமைதிப் பள்ளத்தாக்கில் மின் திட்டத்துக்காக அணை கட்ட 1973இல் ஒப்புதல் கிடைத்தது. எட்டுச் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு மூழ்கவிருந்தது. சிங்கவால் குரங்கின் பெயரைச் சொல்லிப் பலர் குரல் கொடுத்தனர். அது நியாயமே. ஆனால் அந்தக் காட்டின் ஈரப் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படர்ந்திருக்கும் மாஸ் செடிகளுக்காக யார் குரல் கொடுப்பார்?

ஆய்வகத்தில் பியூனேரியாவைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். மாஸுக்கு உண்மையான வேர் இல்லை என்பதையும், இலைப்பரப்பாலேயே நீரை உறிஞ்சுகிறது என்பதையும் அறிவோம். ஆண் அணு நீந்திச் சென்று சூலைச் சேர ஒரு நீர்ப்படலம் வேண்டும். மேலே மரக்கிளைகள் விலகி வெயில் விழுந்தால், நிழலையும் ஈரத்தையும் நம்பிய அரிய மாஸ்கள் காய்ந்து போகும். கரும்பைப்போல அவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பாத்தி கட்டி வளர்த்துவிட முடியாது. அவை வாழும் பாறையையும், பாறைக்கு மேலுள்ள மரத்தையும், மரத்துக்கு நீர் தரும் மழையையும் சேர்த்தே காக்க வேண்டும்.

செடிகளைக் கலந்து புதியன படைப்பதில் பாதி வாழ்நாளைச் செலவிட்ட அம்மையார், இந்தக் காட்டைத் தொடாமல் விடுங்கள் என்போர் அணியில் நின்றார். அப்போது வயது எண்பதை ஒட்டியிருந்தது. வெறும் எதிர்ப்போடு நில்லாமல், அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் துணிந்தார். அழிக்குமுன் என்ன இருக்கிறதென்றாவது அறிய வேண்டாமா? 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. மின்சாரம் வேண்டும் என்று வாதிட்டோர்க்கும் காரணம் இருந்தது. வழக்கு எளிதில் முடியவில்லை. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது.

சென்னையை அடுத்த மதுரவாயலில், தம் ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை உழைத்த ஜானகி அம்மாள் 1984 பிப்ரவரி 7ஆம் நாள் மறைந்தார். அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள்.