எட்டுக் கலை

பௌதிகம் பயிலும் எங்களுக்குக் கெப்ளர் என்றால் மூன்று விதிகள், அவ்வளவுதான். தேர்வுக்குப் படிக்கிறோம், பின்பு மறந்து விடுகிறோம். அவருடைய வரலாற்றைப் படித்த பிறகு, எனக்கு விதிகளைவிட அந்த மனிதரே பெரியவராகத் தோன்றினார்.

யோஹான்னஸ் கெப்ளர் 1571-இல் தென் ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் கண்ட அம்மை நோய் அவர் பார்வையைக் கெடுத்தது. வாழ்நாளெல்லாம் வானத்தையே எண்ணியவருக்கு விண்மீன்கள் தெளிவாகத் தெரியாமற் போயினவே! பாதிரியாராகும் எண்ணத்துடன் ட்யூபிங்கன் பல்கலைக் கழகத்தில் சமயநூல் பயின்றார். ஆனால் வாய்த்ததோ, ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பள்ளியில் கணித ஆசிரியர் பதவி.

கடவுள் வடிவ கணிதத்தைக் கொண்டே உலகைப் படைத்தார் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. அன்று தெரிந்த கிரகங்கள் ஆறு. அவற்றிடையே இடைவெளிகள் ஐந்து. ஒழுங்கான கன வடிவங்களும் ஐந்தே. இடைவெளிக்கு ஒரு கனவடிவம் பொருந்துகிறது என்று 1596-இல் நூல் எழுதினார். 1781-இல் யுரேனஸ் கிரகம் கண்டுபிடிக்கப்பட்டதை அறிந்த நமக்குச் சிரிப்பு வரலாம்.

கத்தோலிக்க மதத்துக்கு மாற மறுத்ததால் 1600-இல் கிராட்ஸை விட்டு வெளியேற்றப்பட்டார். ப்ராக் நகரில் டைகோ ப்ராஹேயிடம் சேர்ந்தார். தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங் கண்ணால் வானத்தை அளந்தவர் டைகோ. சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்ற டைகோவின் கொள்கையைக் கெப்ளர் ஏற்கவில்லை. அவருடைய அளவுகளை ஏற்றார். மறு ஆண்டே டைகோ மறைந்தார்.

செவ்வாயின் பாதை வட்டம் என்று கொண்டு, எழுபது தடவைக்குக் குறையாமல் கணக்கிட்டார் கெப்ளர். பெரும்பாலும் பொருந்தியது. வேறு சில அளவுகளோடு ஒப்பிட்டபோது எட்டுக் கலை தவறியது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை. முழு நிலவின் அகலம் ஏறக்குறைய முப்பது கலை. வரைபடத்தில் கோட்டை விட்டு விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளியின் மேல் எழும் கோபத்தை ஆய்வுக்கூடத்தில் நின்றவர்கள் அறிவார்கள். டைகோவின் கை நடுங்கியிருக்கும் என்று வேறொருவர் விட்டிருப்பார். கெப்ளர் டைகோவை ஐயுறவில்லை. தம் உழைப்பையும், இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் போற்றிய வட்டத்தையும் ஐயுற்றார். 1605-இல் நீள்வட்டம் கிடைத்தது, 1609-இல் நூலாயிற்று.

பிறகு லின்ஸ் நகரம். கிறிஸ்துவின் உடல் எங்கும் நிறைந்துள்ளது என்ற கொள்கை அவர் மனத்துக்கு ஒப்பவில்லை. அதைக் கொண்ட லூதரன் உடன்படிக்கையில் நிபந்தனையின்றிக் கையெழுத்திட மறுத்தார். 1612-இல் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. கத்தோலிக்கர் ஊரை விட்டுத் துரத்தினர். சொந்தத் திருச்சபை பந்தியை விட்டு விலக்கியது. ஒரு கையெழுத்துத்தானே என்பார்கள். எட்டுக் கலைதானே என்று விடாதவர் இதை மட்டும் எப்படி விடுவார்?

எழுபது வயது கடந்த அவர் தாயார் சூனியக்காரி என்று 1620-இல் சிறைப்பட்டார். கெப்ளர் நேரில் சென்று, சாட்சிகள் சொன்ன நோய்களுக்கு இயற்கைக் காரணங்கள் காட்டி வாதாடினார். சூனியமே பொய் என்று அவர் வாதிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சித்திரவதைக் கருவிகளைக் காட்டியும் கிழவி ஒப்புக்கொள்ளவில்லை. 1621-இல் விடுதலையானார், சில மாதங்களில் இறந்தார்.

அதே 1621-இல் தம் முதல் நூலை மறுபதிப்பாக்கி, பிழைகளைத் தாமே குறிப்புகளில் சுட்டினார். ஐந்து கனவடிவங்களை மட்டும் கைவிடவில்லை! வட்டத்தை உதறியவர் இதை ஏன் உதறவில்லை? எனக்கு வியப்புத்தான். ஆனால் 1619-இல் வெளிவந்த மூன்றாம் விதியும் அந்த நம்பிக்கையின் தேடலிலேயே பிறந்தது.

வரவேண்டிய சம்பளப் பாக்கிக்காக அலைந்த பயணத்தில், 1630 நவம்பரில் ரேகன்ஸ்பர்க் நகரில் காலமானார். அடுத்த சில ஆண்டுகளில் நடந்த போரில் அந்த இடுகாடே அழிந்தது.