கைகள் சுமக்கும் நோய்

சிறுநீரகம் செயலிழந்த ஒருவர், படாளத்திலிருந்து செங்கல்பட்டுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளச் செல்வதாகக் கொள்வோம். உயிர் காக்கும் அதே இடத்தில் 'ஹெபடைட்டிஸ் சி' வைரஸ் அவரைத் தொற்றினால், குற்றம் இயந்திரத்தின் மீதே என்று பலரும் எண்ணுவர். பெரும்பாலும் அதைக் கொண்டு சேர்ப்பவை மனிதக் கைகளே. இந்த உண்மைக்காகத் தன் வாழ்வையே இழந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

ஹங்கேரியின் புடா நகரில் 1818-இல் பிறந்த அவர், 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார். மருத்துவ மாணவர்கள் பயின்ற அப்பிரிவில் பிரசவ ஜன்னியால் இறந்த தாய்மார்கள் மிகப் பலர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவிலோ இறப்பு மிகக் குறைவு. ஒரே மருத்துவமனையில் ஏன் இந்த வேறுபாடு?

1847 மார்ச்சில், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமடைந்த அவருடைய நண்பர் கொலெட்ச்கா இறந்தார். அந்த உடலில் தெரிந்த மாற்றங்கள், ஜன்னி கண்ட தாய்மார்களிடம் தெரிந்தவையே. பிணவறையிலிருந்து நேரே மகப்பேற்று அறைக்கு வந்த மருத்துவர்களின் கைகளே, தன்னுடையவை உள்பட, சாவைச் சுமந்து வந்தன என்று அவர் உணர்ந்தார். மே மாதம் முதல் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்த பிரிவில், ஜூனில் இறந்தோர் நூற்றுக்கு இருவரே.

எனினும், தங்கள் கைகளே கொன்றன என்பதை ஏற்க மருத்துவ உலகம் மறுத்தது. பதவி நீட்டிப்புக் கிடைக்காமல் 1850-இல் வியன்னாவை விட்டு வெளியேறினார். 1865-இல் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, இரண்டே வாரங்களில், காயத்தில் ஏற்பட்ட தொற்றால் 47-ஆவது வயதில் இறந்தார்.

ஹெபடைட்டிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989-இல். அதற்கு இன்றும் தடுப்பூசி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி, மாற்றப்படாத கையுறையிலும், கட்டிலுக்குக் கட்டில் நகரும் மருந்துத் தட்டிலும், பலருக்குப் பொதுவான மருந்துக் குப்பியிலும் பயணிக்கிறது. தனி இயந்திரம் ஒதுக்கிவிட்டால் போதும் என்பது பொய்யான நிம்மதி. ஒவ்வொரு நோயாளிக்கும் கை கழுவிப் புதுக் கையுறை அணிதல், ஊசி மருந்துகளைத் தனியிடத்தில் தயாரித்தல், நோயாளி மாறும்போதெல்லாம் இருக்கையையும் இயந்திரத்தின் மேற்பரப்பையும் துடைத்தல் ஆகியவையே காப்பு. டயாலிசிஸ் தொடங்கும்போதும், பின்னர் 6 மாதங்களுக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை தேவை. தொற்று கண்டவர்களில் பெரும்பாலோரை மாத்திரைகளாலேயே குணப்படுத்தலாம். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டம் அவற்றை இலவசமாக வழங்குகிறது.

இவற்றுக்கெல்லாம் போதிய செவிலியர்களும், ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் அமர்வதற்குள் போதிய நேரமும் வேண்டும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது கை கழுவுதலே. காரணம் அறியாமல் மறுத்தது அன்றைய வியன்னா. அறிந்தும் அலட்சியம் செய்தால், அதற்கு நாம் என்ன சமாதானம் சொல்ல முடியும்?