ஓலைக் குடிசையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்

நோய் வந்துவிட்டால் நாம் முதலில் தேடுவது மருந்தைத்தான். ஆனால் மருந்துக்கு முன்னால் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வந்திருப்பது இன்ன நோய், அது இன்னதனால் வந்தது என்று அறிந்து சொல்வதே அவ்வேலை. அது பிழைபட்டால் மருந்தும் பிழைபடும். மனித இனத்தைப் பல நூற்றாண்டுகளாக அச்சுறுத்தி வந்த பிளேக் என்னும் கொள்ளை நோயின் காரணத்தை இவ்வாறு தெளிவாக அறிந்து சொன்னவர் மருத்துவர் அலெக்ஸாந்தர் யெர்சின். அவரது வாழ்வை அறிந்துகொள்வது மாணவியராகிய நமக்குப் பெரிதும் பயன் தரும்.

பிளேக்கின் கொடுமையை இன்று நம்மால் எண்ணிப் பார்ப்பதும் கடினம். திடீரென்று கடுங்காய்ச்சல் காணும். தொடை இடுக்கிலோ கக்கத்திலோ கழுத்திலோ நெறி கட்டி முட்டைபோல் வீங்கும். சில நாட்களில் உயிர் போய்விடும். 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய இந்நோய், அங்கிருந்த மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையாவது கொண்டுபோயிற்று. கெட்ட காற்றால் வந்தது என்றனர் சிலர். கோள்களின் சேர்க்கையால் வந்தது என்றனர் வேறு சிலர். காரணம் தெரியாத அச்சத்தில், பெற்றவர் பிள்ளையையும் பிள்ளை பெற்றவரையும் கைவிட்டு ஓடிய துயரமும் நடந்தது. 1894ஆம் ஆண்டு வரை மனிதனுக்குத் தன் பகைவன் யாரென்றே தெரியாது.

சுவிட்சர்லாந்து நாட்டின் ஓபோன் என்னும் சிற்றூரில் 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் யெர்சின் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே தந்தை காலமானார். பூச்சியினங்களை ஆராய்வதில் பெருநாட்டம் கொண்டிருந்தவர் அத்தந்தை. கணவரை இழந்த தாயார் மனந்தளராமல், பிள்ளைகளுடன் மோர்ழ் நகருக்குக் குடிபெயர்ந்து, இளம்பெண்களுக்கான பள்ளி ஒன்றை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். உலகம் போற்றும் ஓர் அறிஞர் பெண்கள் பள்ளி ஒன்றின் வருவாயில் வளர்ந்தவர் என்று அறியும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறதல்லவா? பிற்காலத்தில் எந்தக் கடலில், எந்தக் காட்டில் இருந்தாலும் தாயாருக்குக் கடிதம் எழுதுவதை அவர் விட்டதில்லை. அக்கடிதங்கள் அவரது வாழ்வை அறிய நமக்கு இன்றும் துணைநிற்கின்றன.

லோசான், மார்பர்க் ஆகிய நகரங்களில் பயின்றபின், 1885இல் மருத்துவக் கல்வியைத் தொடர யெர்சின் பாரிஸ் சென்றார். வெறிநாய்க்கடியால் இறந்த ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது கத்தி அவரது விரலையே கீறிவிட்டது. அக்காலத்தில் அது மரணத்தின் அழைப்புக்கு ஒப்பானது. லூயி பாஸ்டரின் உதவியாளரான எமில் ரூ உடனே அவருக்குப் புதிய தடுப்பூசியைப் போட்டுக் காப்பாற்றினார். அந்தத் தொடர்பு யெர்சினைப் பாஸ்டரின் ஆராய்ச்சிக்கூடத்திற்குள் கொண்டுவந்து சேர்த்தது. ரூவும் யெர்சினும் இணைந்து, தொண்டை அடைப்பான் நோயில் குழந்தைகளைக் கொல்வது அக்கிருமி சுரக்கும் நஞ்சே என்பதை 1888இல் நிலைநாட்டினர். அப்போது யெர்சினுக்கு வயது 25!

பாரிஸ் நகரில் புகழும் பதவியும் காத்திருந்தன. ஆனால் அவரது உள்ளமோ கடலை நாடியது. 1890இல் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பல் மருத்துவராகக் கீழ்த்திசைக்கு வந்தார். சைகோன், மணிலா, ஹைபோங் துறைமுகங்களுக்கிடையே பயணம் செய்தார். பிறகு, இன்று வியட்நாம் எனப்படும் நாட்டின் மலைக்காடுகளில் வழிகண்டு வரைபடம் வரைந்தார். 1893இல் அவர் கண்ட குளிர்ந்த மேட்டுநிலத்தில்தான் பின்னாளில் தலாத் என்னும் மலைநகரம் எழுந்தது.

1894ஆம் ஆண்டு தென் சீனாவிலிருந்து பரவிய பிளேக் ஹாங்காங் துறைமுகத்தை எட்டியது. அங்கிருந்து கப்பல் ஏறினால் உலகம் முழுதும் பரவிவிடுமே என்று நாடுகள் அஞ்சின. நோயை ஆராயும்படி பிரெஞ்சு அரசு யெர்சினை அனுப்பியது. ஜூன் 15ஆம் நாள் மைக்ராஸ்கோப்பும் சில கருவிகளும் மட்டும் கொண்டு அவர் ஹாங்காங்கில் இறங்கினார்.

அவருக்குச் சில நாட்கள் முன்னரே ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ தம் குழுவினருடன் அங்கு வந்திருந்தார். அவரும் எளியவர் அல்லர். இரணஜன்னிக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டிய மேதை. ஹாங்காங்கை ஆண்ட ஆங்கிலேய அதிகாரிகள் அவருக்கு மருத்துவமனையில் இடமும், ஆராய்ச்சிக்கு வேண்டிய உடல்களும் அளித்தனர். யெர்சினுக்கோ இரண்டும் மறுக்கப்பட்டன. நோயின் காரணத்தைக் காண வந்தவருக்கு நோயுற்ற உடலைத் தொடவே வழியில்லை! வேறொருவராயிருந்தால் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார்.

இந்த வேளையில் அவருக்குக் கைகொடுத்தவர் விகனோ அடிகளார் என்னும் இத்தாலிய மிஷனரிக் குருவானவர். அவரது உதவியால் மருத்துவமனைக்கு அருகே ஓர் ஓலைக் குடிசை எழுந்தது. அதுவே வீடு, அதுவே ஆராய்ச்சிக்கூடம். இறந்தோரின் உடல்களை அடக்கத்திற்குக் கொண்டுசெல்லும் பொறுப்பிலிருந்த மாலுமிகளுக்கு அடிகளார் சிறிது பணம் கொடுத்து இசையவைத்தார். பிணவறைக்குள் நுழைய யெர்சினுக்குச் சில நிமிடங்கள் கிடைத்தன. விதிகளை மீறலாமா என்ற கேள்வி நம்முள் எழலாம். நாள்தோறும் மக்கள் மடிந்துகொண்டிருந்த நகரில், அதிகாரிகளின் பாரபட்சம் அடைத்துவிட்ட கதவை அடிகளார் இரக்கத்தால் திறந்தார் என்றே நாம் கொள்கிறோம்.

1894 ஜூன் 20. பெட்டியில் கிடந்த உடலின்மேல் சுண்ணாம்பு கொட்டியிருந்தது. யெர்சின் அதை விலக்கித் தொடை இடுக்கில் வீங்கியிருந்த நெறிக்கட்டியை விரைந்து அறுத்தெடுத்துக்கொண்டு குடிசைக்குத் திரும்பினார். அதில் சிறிதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். குட்டையான, முனை மழுங்கிய கோல் வடிவக் கிருமிகள் கூட்டம் கூட்டமாகக் காணப்பட்டன! சாயம் ஏற்றினால் இரு முனைகளும் அழுத்தமாகவும் நடுப்பகுதி வெளிறியும் தோன்றும். நாம் சேலையில் குத்தும் ஊக்கைப் போன்ற தோற்றம். அவற்றை அகர் என்னும் கூழில் வளர்த்தார். சுண்டெலிகளுக்கும் சீமை எலிகளுக்கும் செலுத்தினார். அவையும் அதே வீக்கத்துடன் இறந்தன. அவற்றின் உடலிலும் அதே கிருமி இருந்தது. இனி ஐயத்திற்கு இடமேது?

கிட்டசாட்டோவும் அதே நாட்களில் ஒரு கிருமியைக் கண்டதாக அறிவித்தார். அவர் பெரும்பாலும் இரத்தத்திலும் உள்ளுறுப்புகளிலும் தேடினார். அவரது விவரங்கள் தெளிவின்றி மாறுபட்டிருந்தமையால், வேறொரு கிருமியும் அவரது வளர்ப்பில் கலந்திருக்கலாம் என்று பின்வந்த அறிஞர் கருதினர். யெர்சினோ நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடமாகிய நெறிக்கட்டியிலேயே தேடினார். இதில் ஒரு வியப்பும் உண்டு. கிருமியை உடல் வெப்பத்தில் வளர்க்கும் அடுப்பு கிட்டசாட்டோவிடம் இருந்தது, யெர்சினிடம் இல்லை. ஆகவே அவரது கிருமிகள் குடிசையின் இயல்பான வெப்பத்திலேயே வளர்ந்தன. பிளேக் கிருமி செழித்து வளர்வது உடல் வெப்பத்தைவிடக் குறைந்த அத்தகைய வெப்பத்தில்தான்! வறுமையே அவருக்கு உதவியாயிற்று.

யெர்சின் இதோடு நிற்கவில்லை. நோய் கண்ட தெருக்களிலும் வீடுகளிலும் எலிகள் செத்துக் கிடந்தன. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அவற்றைத் தாண்டிச் சென்றனர். அவர் மட்டும் அவற்றை எடுத்துவந்து ஆராய்ந்தார். எலிகளின் உடலிலும் அதே நெறிக்கட்டி, அதே கிருமி! பிளேக் எலிகளின் நோய். அவற்றிடமிருந்தே அது மனிதருக்கு வருகிறது என்று உணர்ந்தார். எலியிலிருந்து மனிதருக்கு அதைக் கொண்டுசெல்வது தெள்ளுப்பூச்சி என்பதை, பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் நடத்திய சோதனையால் காட்டினார்.

பெயர் தெரிந்த பகைவனை எதிர்க்கலாம். அக்கிருமியைக் கொண்டு யெர்சின் குதிரைகளின் இரத்தத்திலிருந்து மாற்று நீர் ஒன்றை உருவாக்கினார். 1896 ஜூனில் கான்டன் நகரின் கத்தோலிக்க மிஷனில் பிளேக் கண்ட குருமாணவர் ஒருவருக்கு அதைச் செலுத்த, அவர் உயிர்பிழைத்தார். அதே ஆண்டு நோய் பம்பாய்க்கு வந்தது. 1897இல் யெர்சின் பம்பாய்க்கு வந்து தம் மருந்தைக் கொடுத்தும், எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. எனினும் அதே நகரில் ஹாஃப்கின் என்னும் அறிஞர், அதே கிருமியை வளர்த்து, வெப்பத்தால் கொன்று, தடுப்பூசி ஆக்கினார். அந்தப் பெரும்பரவலில் சில பத்தாண்டுகளுக்குள் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் தமிழகத்தில் கோயம்புத்தூர்ப் பகுதியும் பெருந்துன்பம் அடைந்தது. அங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்களின் பெயரே அந்நாளைய அச்சத்திற்குச் சான்றாகும்.

பிளேக் வீட்டெலியின் நோய் மட்டுமன்று. அதன் தாயகம் காடும் மலையும் புல்வெளியுமே. வளை தோண்டி வாழும் மர்மோட், தரை அணில், காட்டெலி முதலியவற்றிடையே அது ஓசையின்றி வாழ்ந்து வருகிறது. 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் இமாசலப் பிரதேச மலைக்கிராமம் ஒன்றில் வேட்டைக்குச் சென்ற ஒருவர், நோயுற்ற காட்டுப்பூனையைக் கொன்று தோலுரித்தார். சில நாட்களில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அவரிடமிருந்து உறவினருக்கும் மற்றவருக்கும் நோய் பரவியது. 16 பேர் நோயுற்றனர், நால்வர் இறந்தனர். சோதனையில் அது பிளேக் எனத் தெரிந்து, மருந்துகள் விரைந்து வழங்கப்பட்டதால் ஊர் பிழைத்தது. இத்தகைய நோயில் மருத்துவர் நாடியைப் பார்த்தால் மட்டும் போதாது. எங்கே போனீர்கள், எந்த விலங்கைத் தொட்டீர்கள், வீட்டருகே எலிகள் செத்தனவா என்றும் கேட்க வேண்டும். நோயாளியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சையின்றி விட்டால் நெறி கட்டும் பிளேக்கில் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை இறப்பர். உரிய காலத்தில் கண்டறிந்தால் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் பெரும்பாலோரைக் காப்பாற்றும். இன்றும் மருத்துவர்கள் நெறிக்கட்டியிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பது, அன்று ஓலைக் குடிசையில் யெர்சின் காட்டிய வழியே.

புகழ் பெற்றபின் யெர்சின் பாரிஸில் நிலைத்துவிடவில்லை. வியட்நாமின் நா டிராங் கடற்கரையில் மீனவர் நடுவே வீடு கொண்டு வாழ்ந்தார். அங்கே ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். கால்நடை நோய்களுக்கு மருந்து தேடினார். 1902இல் ஹனோயில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். ரப்பர் மரங்களை வளர்த்து, அந்த வருவாயை ஆராய்ச்சிக்கே செலவிட்டார். மலேரியாவுக்கு மருந்தாகும் சின்கோனா மரங்களையும் பயிரிட்டார். ஏழைகளிடம் பணம் வாங்காமல் மருத்துவம் பார்த்தார். புயல் வரும் அறிகுறி தெரிந்தால் மீனவரை முன்கூட்டியே எச்சரிப்பார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு அந்த மீனவக் குடும்பங்களே உறவினர்.

1943 மார்ச் 1ஆம் நாள் நா டிராங்கில் அவர் மறைந்தார். ஆரவாரமின்றி எளிமையாக அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆனால் அவரது உடலின் பின்னே ஏழை எளியோர் திரளாக நடந்தனர். சுவோய் தாவ் என்னும் இடத்தில் அவரது கல்லறை இருக்கிறது. ஆட்சி மாறி, அயலார் பெயர்கள் பல அகற்றப்பட்ட பின்னும், வியட்நாம் நகரங்களின் தெருக்களில் யெர்சினின் பெயர் நிலைத்து நிற்கிறது. நெடுங்காலம் பாஸ்டரின் பெயரைத் தாங்கியிருந்த பிளேக் கிருமியும் பின்னர் யெர்சினியா பெஸ்டிஸ் என்றே வழங்கலாயிற்று.

நல்ல கட்டடமும் விலையுயர்ந்த கருவியும் இருந்தால்தான் அறிவியல் வளரும் என்று நாம் பலமுறை எண்ணுகிறோம். அவை வேண்டியவைதாம். ஆனால் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்க்கும் கண்ணும், பிறர் அருவருத்துத் தாண்டிப்போவதைக் குனிந்து எடுக்கும் கையும் அவற்றினும் பெரியவை. இன்று நம் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பின் முன் வரிசையில் நிற்கும் நம்முள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆவோம். காய்ச்சலோடு ஓர் ஏழை நம் முன் வந்து நிற்கும்போது, பொறுமையாக அவரைக் கேட்டு, கூர்ந்து பார்த்து, உண்மையைக் கண்டு சொல்வோமாக. யெர்சினுக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவே.