எறும்பறிஞர் ஃபோரெல்

நுழையும்முன்

எறும்பு என்றதும் சுறுசுறுப்பும் சேமிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், எறும்பினங்களுள் பிறர் உழைப்பில் வாழ்வனவும் உண்டு. அவை வேற்றினத்தின் புற்றைத் தாக்கிக் கூட்டுப்புழுக்களைக் கவர்ந்து வருகின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் எறும்புகளின் உழைப்பால் தம் புற்றை நடத்துகின்றன. அத்தகைய அரிய இனம் ஒன்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் ஒரு மருத்துவர். அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் ஒரு நூலும்

அகஸ்தே ஃபோரெல் 1848ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் மோர்ஜ் நகருக்கு அருகில் பிறந்தார். தாயின் கண்டிப்பான வளர்ப்பில், விளையாட்டுத் தோழர் இன்றித் தனிமையில் வளர்ந்தார். தனிமையில் வாடிய சிறுவனுக்குத் தோட்டத்து எறும்புகளே துணையாயின. அவை இரை தேடுவதையும் ஒன்றோடொன்று போரிடுவதையும் அவர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்.

பேரனின் ஆர்வத்தை அறிந்த பாட்டி அவருக்கு ஒரு நூலைப் பரிசளித்தார். ஜெனீவாவைச் சேர்ந்த பியர் ஹூபர் எறும்புகளின் வாழ்க்கைமுறை குறித்து எழுதி, 1810இல் வெளிவந்த நூல் அது. பியரின் தந்தை பிரான்சுவா ஹூபர், பார்வை இழந்த நிலையிலும் உதவியாளரின் கண்கொண்டு தேனீக்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர். உற்றுநோக்கலை உயிராகக் கொண்ட அக்குடும்பத்தின் நூல், சிறுவன் ஃபோரெலின் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்தது.

ஹூபர் காட்டிய வழி

1804ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று மாலை, ஜெனீவாவின் புறநகரில் நடந்துசென்ற பியர் ஹூபர், செந்நிற எறும்புகளின் படை ஒன்று அணிவகுத்துச் செல்வதைக் கண்டார். அது மற்றோர் இனத்தின் புற்றுக்குள் புகுந்து, கூட்டுப்புழுக்களைக் கவ்விக்கொண்டு திரும்பியது. இவை அமேசான் எறும்புகள் எனப்படுகின்றன. அவற்றின் தாடைகள் அரிவாள்போல் வளைந்தவை. போருக்கு உதவுமேயன்றி, மண் தோண்டவோ குஞ்சுகளைப் பேணவோ உதவா.

ஹூபர் இதனை ஓர் ஆய்வால் மெய்ப்பித்தார். முப்பது அமேசான் எறும்புகளை அவற்றின் இளம்புழுக்களோடும் போதிய உணவோடும் ஒரு பெட்டியில் அடைத்தார். உணவு அருகில் இருந்தும் அவற்றால் உண்ண இயலவில்லை. பல பட்டினியால் மடிந்தன. பின்னர், அவற்றுக்காக உழைக்கும் கரிய எறும்பு ஒன்றை மட்டும் உள்ளே விட்டார். அந்த ஓர் எறும்பு உடனே பணியில் இறங்கியது, எஞ்சியவற்றுக்கு உணவூட்டி உயிர்காத்தது, இளம்புழுக்களையும் பேணியது. வென்றவர் எனத் தோன்றியவரே தோற்றவரைச் சார்ந்து வாழும் விந்தையை அப்பெட்டி காட்டியது.

ஃபோரெல் இவ்வாய்வுகளைப் படித்ததோடு நிற்கவில்லை; தாமே புற்றருகில் அமர்ந்தார். அமேசான் எறும்புகளின் ஒரே புற்றை முப்பது நாள்களின் பிற்பகல்களில் காத்திருந்து கவனித்து, அவை 44 முறை படையெடுத்ததைப் பதிவு செய்தார். வெற்றிகளை மட்டுமன்றி, வழிதவறி வெறுங்கையோடு திரும்பிய படையெடுப்புகளையும் அவர் விடாமல் குறித்துவைத்தார்.

புதிய இனம்

ஃபோரெல் 1866இல் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். விடுமுறைகளில் சுவிட்சர்லாந்தின் மலைச்சரிவுகளில் எறும்புகளைத் தேடி அலைந்தார். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், வெயில் நிறைந்த சரிவில் அமைந்த ஊர் ஃபுல்லி. அங்கு ஒரு புற்றில் இருவகை எறும்புகள் சேர்ந்து வாழ்வதைக் கண்டார். ஒருவகை, எங்கும் காணப்படும் புல்தரை எறும்பு. மற்றொன்று, ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள மஞ்சள் கலந்த பழுப்புநிற எறும்பு.

அந்தச் சிற்றெறும்பின் தாடை பிற எறும்புகளின் தாடைபோல் பற்களோடு அகன்றிருக்கவில்லை. வாள்போல் ஒடுங்கி வளைந்து கூர்மையாக இருந்தது. இத்தகைய தாடையுள்ள இனம் ஒன்று முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆயினும், அவ்வினத்திற்குத் தலையின் பின்விளிம்பு ஆழமாகக் குழிந்திருக்கும். அதன் வேலைக்கார எறும்புகள் சிலவே, வலிமையும் குறைந்தவை. ஃபுல்லியில் கண்ட எறும்புக்கோ தலையின் குழிவு குறைவு, உடலும் வலியது. இது வேறோர் இனம் என ஃபோரெல் உணர்ந்தார்.

உருவ வேறுபாட்டோடு அவர் நிறைவடையவில்லை. அதன் செயலையும் அறிய விரும்பினார். எனவே, அவ்வெறும்புகளைப் புற்றோடு எடுத்துவந்து, புல்தரை எறும்புகளின் வலிமைமிக்க புற்று ஒன்றின் அருகில் விட்டார். சிற்றெறும்புகள் தயங்காமல் தாக்கின. எதிரிகளின் தலையைத் தம் வாள் தாடையால் பற்றின. கூட்டுப்புழுக்களைக் கவர்ந்து சென்றன. இதனால், அவை படையெடுத்து அடிமைகொள்ளும் இனம் என்பது உறுதியாயிற்று. தமக்கு வழிகாட்டிய ஹூபரின் நினைவாக அவ்வினத்திற்கு ஸ்ட்ராங்கிலோக்னாதஸ் ஹூபெரி எனப் பெயரிட்டார். 1874இல் வெளிவந்த 'சுவிட்சர்லாந்தின் எறும்புகள்' என்னும் நூலில் அதன் விளக்கம் இடம்பெற்றது. அந்நூலைப் படித்த சார்லஸ் டார்வின் பாராட்டி மடல் எழுதினார். அப்போது ஃபோரெலுக்கு வயது இருபத்தாறு.

தெரிந்து தெளிவோம்

கவர்ந்து வரப்பட்ட எறும்பு ஏன் தப்பிச் செல்வதில்லை? எறும்புகள் தம் கூட்டத்தை மணத்தால் அறிகின்றன. உணர்கொம்புகளே அம்மணத்தை உணரும் உறுப்புகள். உணர்கொம்புகள் நீக்கப்பட்ட எறும்புகள் உறவையும் பகையையும் பிரித்தறிவதில்லை என்பதை ஃபோரெல் ஆய்ந்து காட்டினார். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் இளம் எறும்பு, தன்னைச் சூழ்ந்துள்ள மணத்தையே தன் கூட்டத்தின் மணமாக ஏற்கிறது. ஆகவே, கவர்ந்து வரப்பட்ட புற்றையே அது தன் வீடாகக் கொள்கிறது.

மனித மனத்தின் மருத்துவர்

எறும்பாய்வு ஃபோரெலின் வாழ்வில் ஒரு பகுதியே. 1879இல் ஜூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையின் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1898 வரை பணியாற்றினார். நரம்பணுக்கள் யாவும் ஒன்றாக இணைந்த வலைப்பின்னல் எனப் பலரும் நம்பிய காலத்தில், அவை தனித்தனி அணுக்கள். தொடர்பால் மட்டுமே இயங்குகின்றன என்னும் கருத்தை 1887இல் முன்வைத்தார். நரம்பியலின் அடிப்படைக் கருத்துகளுள் இதுவும் ஒன்றானது.

மதுவுக்கு அடிமையானோரை அவரால் மீட்க முடியவில்லை. ஆனால், போஸ்ஹார்ட் என்னும் காலணி தைக்கும் தொழிலாளி அத்தகையோர் பலரை மீட்டார். அதன் காரணத்தை ஃபோரெல் வினவினார். தாம் மது அருந்துவதில்லை. மருத்துவரோ அருந்துகிறார் என அவர் விடைபகர்ந்தார். அறிஞர் அவ்விடையை ஏற்றார். மதுவை அறவே துறந்தார். மது மீட்பு இல்லம் அமைய உழைத்தார். அவ்வில்லத்தை நடத்தும் பொறுப்பு அத்தொழிலாளியிடமே ஒப்படைக்கப்பட்டது.

அளவுகோல் தவறிய இடம்

ஃபோரெலின் வாழ்வில் மறைக்கக்கூடாத இருள் ஒன்றும் உண்டு. குறையுள்ளோர் எனத் தாம் கருதியோர் மகப்பேறு பெறக்கூடாது என அவர் வாதிட்டார். தம் நோயாளிகள் சிலருக்குக் கருத்தடை செய்யவும் வழிவகுத்தார். இனமேம்பாடு என்னும் பெயரில் பரவிய இக்கொள்கை, பின்னாளில் பல நாடுகளில் எளியோர்க்குப் பெருந்தீங்கு இழைத்தது. புற்றருகே அமர்ந்து, காண்பதை மட்டும் எழுதிய அறிஞர், மனிதரிடம் வந்தபோது தீர்ப்பு வழங்குபவராக மாறினார். அறிவியலின் பெயரால் மனிதரைத் தரம்பிரிக்கும்போது நேரும் பிழைக்கு இதுவே சான்று.

'அடிமை' என்னும் சொல்லும் மனித வரலாற்றிலிருந்து எறும்புலகுக்குச் சென்றதே. எறும்பின் செயல் இயற்கையுணர்வால் நிகழ்வது. மனிதரை மனிதர் அடிமைப்படுத்தியது அறிந்தே இழைத்த கொடுமை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டலாகாது என இன்றைய ஆய்வாளர் சிலர் வலியுறுத்துகின்றனர்.

இடக்கையால் எழுதிய நூல்

ஃபோரெல் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 3500 எறும்பு வகைகளுக்கு விளக்கம் எழுதினார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் அவருக்கு எறும்புகள் அனுப்பப்பட்டன. இந்தியாவில் வனத்துறையில் பணியாற்றிய ராட்டன் அனுப்பியவையும் அவற்றுள் அடங்கும். இந்தியா, இலங்கை எறும்புகள் பற்றி ஃபோரெல் எழுதிய கட்டுரைகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியாயின.

1912இல் பக்கவாதத்தால் அவருடைய வலப்பக்கம் செயலிழந்தது. அறுபத்து மூன்று வயதில், இடக்கையால் எழுதப் பழகினார். எறும்புகளின் சமூக வாழ்வு பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட பெருநூலை 1921 முதல் வெளியிட்டார். இவோர்ன் என்னும் சிற்றூரில் அவர் வாழ்ந்த இல்லத்தின் பெயர் 'எறும்புப் புற்று'. அங்கேயே 1931 ஜூலை 27 அன்று காலமானார்.

1978இல் சுவிட்சர்லாந்து வெளியிட்ட ஆயிரம் பிராங்க் பணத்தாளின் ஒரு பக்கத்தில் ஃபோரெலின் உருவமும் மறுபக்கத்தில் எறும்புகளும் இடம்பெற்றன. அவர் பெயரிட்ட ஹூபெரி எறும்பு இன்றும் அரிதாகவே தென்படுகிறது. புல்தரை எறும்பென்று எண்ணி எவரும் கடந்துசெல்லத்தக்க அதனை, குனிந்து நோக்கி வேறென்று அறிந்த பொறுமையே அவர் விட்டுச்சென்ற செல்வம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள எறும்புப் புற்று ஒன்றை ஏழு நாள்கள் ஒரே நேரத்தில் உற்றுநோக்கிக் குறிப்பெடுங்கள். கண்டவற்றையும் கருதியவற்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

2. 'அறிவியல் அறிஞரின் சாதனையையும் பிழையையும் ஒருசேர அறிதல் வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.