ராபர்ட் பாரானி
ராபர்ட் பாரானி (ஏப்ரல் 22, 1876 - ஏப்ரல் 8, 1936) வியன்னாவில் பிறந்த காது மருத்துவர் ஆவார். நோயாளிகளின் காதைக் கழுவுகையில், குளிர்ந்த நீர் பட்டால் தலைசுற்றலுடன் கண்கள் ஒரு திசையிலும், வெதுவெதுப்பான நீர் பட்டால் எதிர்த்திசையிலும் துடிப்பதை இவர் கவனித்தார். உட்காதின் அரைவட்டக் குழல்களிலுள்ள நீர்மம் வெப்பத்தால் மேலெழுவதும் குளிர்ச்சியால் கீழிறங்குவதுமே காரணம் என விளக்கினார். இதனால் ஒவ்வொரு காதின் சமநிலை உறுப்பையும் தனித்தனியே சோதிக்க முடிந்தது.

முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய பாரானி, 1915 இல் உருசியப் படையிடம் சிறைப்பட்டார். 1914 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு தமக்குக் கிடைத்ததைச் சிறைமுகாமிலேயே அறிந்தார். சுவீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916 இல் விடுதலையானார். வியன்னாவில் உடன் பணியாற்றியோர், பிறருடைய ஆய்வுகளை உரியவாறு குறிப்பிடவில்லை எனக் குற்றஞ்சாட்டினர். எனவே 1917 இல் சுவீடனுக்குக் குடிபெயர்ந்து, இறுதிவரை உப்சாலா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார்.