சகோதரி சுப்பலட்சுமியும் ஐஸ் ஹவுஸ் குசினியும்

நூற்றாண்டு மலருக்காக ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழு எங்களிடம் கேட்டபோது, முதலில் நம் ஊரவர் ஒருவரையே எழுத நினைத்தோம். அதற்காகக் கூடியபோது பேச்சு எப்படியோ விடுதிச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து இறங்கிய பிள்ளைகளின் தகரப் பெட்டிக்குள் இருந்த பயற்றம் பணியாரம், வெள்ளிக்கிழமைச் சோறு, பரீட்சை நாட்களில் இரவு பத்து மணிக்குக் கிடைத்த தேத்தண்ணீர் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டே போனோம். இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் சகோதரிகள், பகுதிநேர வேலை முடிந்து நடுச்சாமத்தில் வந்து அரிசி களைந்து வைத்துவிட்டுப் புத்தகம் விரித்த கதைகளைச் சொன்னார்கள். ஒரு பெண் பிள்ளை வீட்டை விட்டு வெளியே தங்கி, சாப்பிட்டு, படிக்கலாம் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் எப்போது ஏற்றுக்கொண்டன என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. அதற்கு விடை தேடினால் சென்னை மெரீனாக் கடற்கரைக்கும் சகோதரி ஆர். எஸ். சுப்பலட்சுமியிடமும் போகவேண்டியிருக்கிறது.

அவர் 1886 ஆகஸ்ட் 18ஆம் திகதி மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ஆங்கிலக் கல்வி பெற்று அரச சேவையில் இருந்தவர். தாயார் விசாலாட்சி. தஞ்சாவூர் மாவட்டத்து ரிஷியூர் அவர்களது பூர்வீகம். ஒன்பது வயதில் நான்காம் வகுப்பு அரசாங்கப் பரீட்சையில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளைக்கு, அக்கால வழக்கப்படி பதினொரு வயதளவில் கல்யாணம் முடித்து வைத்தார்கள். சிறிது காலத்துக்குள் மாப்பிள்ளை இறந்துபோனார். அவரோடு ஒரு நாள் கூடக் குடும்பம் நடத்தாத பிள்ளை கைம்பெண் ஆனாள்.

அந்தச் சொல்லின் பாரம் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. பிராமண வீடுகளில் கைம்பெண்ணுக்குத் தலையை மழிப்பார்கள், நிறச் சேலை கிடையாது, மங்கல காரியங்களுக்கு முன்னே வரக்கூடாது. சாப்பாட்டையும் விதி அளந்து வைத்திருந்தது. பகலில் ஒரு நேரச் சோறு, இரவில் ஏதோ சிறு பலகாரம், ஏகாதசிக்கு முழு விரதம். எட்டு வயதுப் பிள்ளையானாலும் எண்பது வயதுக் கிழவியானாலும் இதில் வேறுபாடு இல்லை. சுப்பலட்சுமியின் பெற்றோர் மகளின் தலைமயிரில் கைவைக்க விடவில்லை. திரும்பவும் படிக்க வைப்பது என்று தீர்மானித்தார்கள். இதற்காக உறவினரின் வெறுப்பைத் தேடிக்கொண்டார்கள். வீட்டில் இன்னொருவரும் இருந்தார். தாயாரின் தங்கை வாலாம்பாள், அவரும் இளமையிலேயே கைம்பெண்ணானவர். சித்தியும் பெறாமகளுமான இந்த இருவரின் துணைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று நாங்கள் நினைக்கிறோம். வரலாறு எழுதுவோர் சித்தியை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். விடுதியில் இருந்து படித்த எவரும் அப்படிக் கடக்கமாட்டார்கள்.

கன்னியர் மடப் பாடசாலையில் படித்த காலத்தில், குடும்பம் குழந்தை என்று இல்லாமல் பிறர் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த கன்னியர்கள் அவர் மனதில் பதிந்தார்கள். சகோதரி என்ற பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டதற்கு அந்தப் பழக்கமே காரணம் என்பார்கள். மதம் மாறாமலே அப்படி ஒரு வாழ்வு வாழலாம் என்று அவர் கண்டுகொண்டார். பின்பு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆண்கள் நிறைந்த வகுப்புகள். வெளியில் தண்ணீர் குடிப்பதற்கும் ஆசாரம் பார்த்த சமூகம். ஒரு கைம்பெண் வீதியில் வருவதே அபசகுனம் என்று நினைத்த ஊரில், தினமும் காலையில் புறப்பட்டுப் போய் மாலையில் திரும்பிவந்தார். 1911 ஏப்ரலில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வது வழக்கம்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சுப்பலட்சுமி அக்கல்லூரிக்குள் நுழைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அதைச் சார்ந்த நூலகத்தில் வேலை பார்த்தவர் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை. மோகனாங்கி நாவலை எழுதியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அதற்கு முன்பே, 1892இல், தத்தை விடு தூது என்ற செய்யுள் நூலில் வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண் கிளியைத் தூது விடுவதாக வைத்துப் பெண்களின் விடுதலையைப் பாடினார். கிளியிடம் சொன்ன அந்த முறைப்பாட்டுக்குக் கட்டடமும் அடுப்பும் பாடநேரசூசியும் கொடுத்தவர் சுப்பலட்சுமி.

1912இல் எழும்பூரில் நான்கு இளம் கைம்பெண்களுடன் அவரது இல்லம் தொடங்கியது. அதே ஆண்டில் சாரதா மகளிர் சங்கமும் பிறந்தது. பெண் பாடசாலைகளின் பரிசோதகராக இருந்த செல்வி லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி அரசாங்கத்தின் பக்கமிருந்து உதவினார். அரசாங்கத்துக்கும் ஒரு தேவை இருந்தது. பெண் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப இந்துக் குடும்பங்கள் பெண் ஆசிரியர்களைக் கேட்டன; பெண் ஆசிரியர்களோ கிடைக்கவில்லை. வீட்டு மூலையில் வேண்டாதவராக இருக்கும் கைம்பெண்களைப் படிப்பித்து ஆசிரியர்களாக்கினால் இரண்டு குறையும் தீரும். இது சுப்பலட்சுமியின் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் பிள்ளையை அனுப்பவேண்டியவர்கள் அக்கிரகாரத்துத் தகப்பன்மார். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எந்தப் பாடம் படிப்பிப்பீர்கள் என்பதாக இருக்காது. யார் சமைப்பது, யாருடன் இருந்து சாப்பிடுவது என்பதாகத்தான் இருக்கும்.

ஆகவே அவர் அடுப்பில் இருந்து தொடங்கினார். இல்லத்தில் சமையல் ஆசாரப்படி நடந்தது. குளியல், மடி, பூசை, விரதம் எல்லாம் இருந்தன. சித்தி வாலாம்பாள் வீட்டுக்குள் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். கிராமத்திலிருந்து மகளைக் கொண்டுவந்து விடும் தகப்பன், தன் வீட்டுச் சமையலறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டு திரும்பிப் போகலாம். அவர் திரும்பிப் போனதும் பிள்ளை கையில் புத்தகம் வரும். கைம்பெண்ணின் நாள் நீராட்டையும் ஒற்றைச் சாப்பாட்டையும் சுற்றி ஓடுவது. மாணவியின் நாள் மணி அடிப்பதைச் சுற்றி ஓடுவது. ஒரே வீட்டில், ஒரே உடம்பில், இந்த இரண்டையும் ஒன்றோடொன்று மோதாமல் ஓடவைப்பதுதான் அவர் தன் மேல் போட்டுக்கொண்ட வேலை. காலைச் சாப்பாடு அரை மணி பிந்தினால் முதலாம் பாடம் போய்விடும் என்பது விடுதிப் பிள்ளைகளான நமக்குத் தெரியும்.

பிள்ளைகள் பெருக, இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறி, 1917இல் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. அந்தக் கட்டடத்தின் கதையே தனி. அமெரிக்காவின் பொஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து விற்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வட்டமான மாளிகை அது. செயற்கைப் பனிக்கட்டி வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞரிடம் வந்தது. 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் வரை வந்து பேசிவிட்டுப் போன சுவாமி விவேகானந்தர், பெப்ரவரியில் சென்னை சேர்ந்து தங்கியது இந்த மாளிகையில்தான். இருபது ஆண்டுகள் கழித்து அங்கே இளம் கைம்பெண்கள் குடிவந்தார்கள். பனிக்கட்டி வைத்த வீடு பள்ளிப் பிள்ளைகளின் வீடாயிற்று. எதிரே வங்காள விரிகுடா. டச்சுக்குடாவில் நாம் பார்த்து வளர்ந்த அதே கடல்.

அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்லர். அகரம் எழுதத் தெரியாமல் வந்தவர்களும் இருந்தார்கள், உயர்தரப் பாடசாலைக்குப் போனவர்களும் இருந்தார்கள். 1914 ஜூலையில் அதே கடற்கரைச் சாலையில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. பின்னாளில் இராணி மேரிக் கல்லூரி என்று பெயர் பெற்றது. இல்லத்துப் பெண்கள் சிலர் அங்கே படித்தார்கள். மழித்த தலையும் வெள்ளைச் சேலையுமாக வந்த பிள்ளைகள் நாலைந்து ஆண்டுகளில் சம்பளம் வாங்கும் ஆசிரியைகளாகப் போனார்கள். சம்பளம் என்பது சிறிய விடயம் இல்லை. அண்ணன் வீட்டில் ஒரு நேரச் சோற்றுக்கு வேலைக்காரியைப் போல் உழைத்தவள், இனித் தன் அரிசியைத் தானே வாங்கலாம்.

இனி, எங்களுக்குள்ளேயே விவாதமாகிப்போன ஒரு பகுதி. அந்த இல்லம் ஒரு சாதிப் பெண்களுக்கானதாகவே தொடங்கியது. தனிச் சமையல், தனிப் பந்தி. அரசாங்கப் பணத்தில் ஏன் இப்படி என்று அக்காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. சீர்திருத்தக்காரர் சிலர் வேறு பக்கத்திலிருந்து கேட்டார்கள்: கைம்பெண்களுக்கு மறுமணம் செய்துவைக்காமல் ஏன் விரதமும் மடியும்? வைதீகருக்கோ அவர் செய்தது எல்லாமே அதிகம். நம் நாட்டிலும் 1920களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் என்று எவ்வளவு பெரிய சண்டை நடந்தது என்பதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பந்தியில் யார் அருகில் யார் இருப்பது என்பதற்காகப் பாடசாலைகளே ஆட்டம் கண்டன. எங்களில் ஒரு சாரார், சுப்பலட்சுமி அந்தக் குசினிக் கதவை முதல் நாளிலேயே திறந்து வைத்திருக்கவேண்டும் என்கிறார்கள். மறுசாரார், திறந்திருந்தால் அந்த நான்கு பிள்ளைகளும் வந்திருக்கமாட்டார்கள் என்கிறார்கள். இருபுறத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் வெளியே நிறுத்தப்பட்ட மற்றச் சாதிக் கைம்பெண்ணுக்கும் பசியும் படிப்பாசையும் இருந்தன என்பதை மறைத்து இந்த வரலாற்றை எழுத நாங்கள் விரும்பவில்லை.

அவரும் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. நம் கல்லூரி பிறந்ததை ஒட்டிய காலத்தில், 1922இல், ஐஸ் ஹவுஸுக்கு அருகிலேயே லேடி விலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை தொடங்கியது. அதன் முதல் அதிபர் அவர்தான். அங்கே பல சமூகத்துப் பெண்களும் பயின்றார்கள். கடற்கரைக் குப்பத்து மீனவப் பிள்ளைகளின் படிப்பிலும் அக்கறை காட்டினார். இல்லத்தில் சேர வயது கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர் மனதை உறுத்தியிருக்கவேண்டும். அவர்களுக்காக 1927இல் சாரதா மகளிர் சங்கத்தின் மூலம் சாரதா வித்தியாலயத்தைத் தொடக்கினார். பின்னர் அது இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் ஊர் இந்துக் கல்லூரியை அதே மிஷன் நடத்திய காலம் மூத்த வாசகியருக்கு நினைவிருக்கும். 1942இல் மயிலாப்பூரில் வளர்ந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையம் எழுந்தது. முப்பது வயதில் திரும்பவும் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்கும் ஒரு தாயின் கூச்சம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அரச ஊழியராக இருந்தபடியால் மேடைகளில் அவர் அதிகம் தோன்றவில்லை. ஆனாலும் குழந்தை மணத் தடைச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். அச்சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது பெண்ணின் மண வயது 14 ஆயிற்று. அவர் கைம்பெண்ணானபோது அந்த வயதை எட்டியிருக்கவில்லை. ஓய்வுபெற்ற பின் 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1958இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. மொனிக்கா பெல்ட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவரிடம் நேரில் கேட்டு எழுதிய வாழ்க்கை வரலாறு 1960களில் வெளிவந்தது. நம் நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கலாம் என்று சங்கத்துக்கு இதன் மூலம் விண்ணப்பிக்கிறோம்.

சொந்தக் குடும்பம் என்று அவர் அமைத்துக்கொள்ளவில்லை. சித்தியும், படித்து வெளியேறி ஊர் ஊராகப் பாடசாலைகளில் கற்பித்த பெண்களும், அவர்களின் மாணவியரும்தான் அவரது சுற்றம். ஐஸ் ஹவுஸ் இப்போது விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் இருக்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் மாலையில் போய்ப் பார்க்கலாம். கடற்காற்று நன்றாக வரும்.

1969 டிசம்பர் 20ஆம் திகதி சகோதரி சுப்பலட்சுமி தமது எண்பத்து மூன்றாவது வயதில் காலமானார். அன்று வைகுண்ட ஏகாதசி, விரத நாள்.